அரிட்டாபட்டி மலை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அரிட்டாபட்டிக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. வண்டியில் ஏறும்போது ஒரு கேள்வி வரும். பாறையில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது இன்னொன்று. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வாட்ஸ்அப்பில் நாலு. ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்களின் வாய்ச்சொல்லை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

அரிட்டாபட்டி எங்க இருக்கு? மதுரையிலேர்ந்து ரொம்பத் தூரமா?

மதுரை மாவட்டம், மேலூர் வட்டம். மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மேலூர் போகும் நாற்கரச் சாலையில் நரசிங்கம்பட்டிப் பக்கம் இடதுபுறம் உள்ளே திரும்ப வேண்டும். அழகர்கோயில் பக்கமிருந்தும் வரலாம். ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்ததும் "இதுவா?" என்று பாதிப்பேர் கேட்பார்கள். அது வேறு மலை. இன்னும் கொஞ்சம் போக வேண்டும்.

மலைன்னு சொன்னீங்க, மேல ஒரு மரம்கூட இல்லையே? வெறும் பாறைதானே?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. கொடைக்கானலை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். இங்கே இருப்பவை ஏழு மொட்டைப் பாறைக் குன்றுகள். வயலுக்கும் கண்மாய்க்கும் நடுவே தனித்தனியாக எழுந்து நிற்பவை. ஆனால் இங்கே தண்ணீர், பறவை, கல்வெட்டு என்று என்னென்ன இருக்கிறதோ எல்லாமே இந்த மொட்டைத்தனத்தால் வந்தவை. இனி வரும் பதில்களில் பாதி இதைப் பற்றித்தான்.

அதோடு, "வெறும்" பாறை என்பதும் சரியில்லை. தண்ணீர் வழிந்த தடத்தில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் இறங்கியிருக்கும், மை கொட்டியது மாதிரி. அழுக்கு என்று நினைப்போம். அது உயிருள்ள பாசிப்படலம். வெயில் காலம் முழுக்கக் காய்ந்து செத்தது போலக் கிடக்கும், ஒரு மழை விழுந்தால் வேலையைத் தொடங்கிவிடும். பக்கத்தில் சாம்பலும் வெளிர்பச்சையுமாகத் தேமல் போலப் படர்ந்திருப்பது கற்பாசி. ஐப்பசி மழைக்குப் பிறகு வந்தால் குனிந்து பாருங்கள். உள்ளங்கை அகலப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் தலைப்பிரட்டைகள் நெளியும். அந்தப் பள்ளம் காய்வதற்குள் கால் முளைத்து வெளியேறியாக வேண்டும் அவற்றுக்கு. வெடிப்பில் இச்சி மரம் வேரை விட்டிருக்கும். மண் சேர்ந்த மூலைகளில் சுக்குநாறிப் புல். அடிவாரத்தில் உசிலை, வெப்பாலை, ஆவாரை, சதுரக்கள்ளி.

இது கிரானைட்டா, கருங்கல்லா, வேற ஏதாவதா?

கடைக்காரருக்கு, பாலிஷ் ஏறுகிற கடினமான கல் எல்லாமே கிரானைட்தான். நிலவியல்காரர் இதைப் பெரும்பாலும் 'நைஸ்' என்பார். கிரானைட்டில் உள்ள அதே சரக்குதான் இதிலும் இருக்கிறது: வெள்ளையாகக் குவார்ட்ஸ், இளஞ்சிவப்பாக ஃபெல்ஸ்பார், மினுக்குகிற கறுப்புக் காக்காப்பொன். ஆனால் பூமிக்கடியில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் பிசையப்பட்டு, சில இடங்களில் உருகியும் உறைந்தும், பட்டை பட்டையாக மாறியிருக்கிறது. உடைந்த முகத்தை அருகில் போய்ப் பார்த்தால் அந்தப் பட்டைகள் அலையலையாக ஓடுவது தெரியும். இந்த மதுரை வட்டாரப் பாறைகளை இப்படிச் சுட்டெடுத்த கடைசிப் பெரிய சூடு சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது.

பேச்சில் கிரானைட் மலை என்றே சொல்லலாம், தப்பில்லை. அந்தப் பெயரால்தான் இந்த மலைக்கு வினையும் வந்தது. அது பின்னால்.

பாறை வளருமாமே? எங்க அப்பத்தா சொல்லும், அது சின்னப் பிள்ளையா இருந்தப்ப இவ்வளவு உசரம் இல்லையாம்.

அப்பத்தா பொய் சொல்லவில்லை, கணக்கைத்தான் மாற்றிப் போட்டுவிட்டது. பாறை மேலே ஏறவில்லை, சுற்றியிருக்கிற மண் கீழே இறங்கியிருக்கிறது. வெடிப்பு அதிகம் உள்ள கல் சீக்கிரம் மக்கி மண்ணாகி மழையில் போய்விடும். வெடிப்பில்லாத கட்டிக் கல் அப்படியே நிற்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இது நடந்தால், சமவெளியில் தனிக்குன்று மிஞ்சும். நம் ஆயுசுக்குள் தெரிகிற மாற்றம் சில இடங்களில் மட்டும்தான்: அடிவார மண்ணை மழை அரித்து, புதைந்திருந்த கல் கொஞ்சம் வெளியே தெரியும்.

இன்னொன்றும் நடக்கிறது. மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் போனதும் பாறை லேசாக விரிந்து, வெங்காயத் தோல் மாதிரி ஏடு ஏடாக விடுபடும். ஏழு குன்றுகளில் ஒன்றான கழிஞ்சமலையின் சரிவில் சில இடங்களில் காலால் தட்டினால் உள்ளே கூடு விழுந்த சத்தம் கேட்கும். கழன்று நிற்கிற ஏடு அது. இப்படி ஒரு பெரிய ஏடு உடைந்து விழுந்தால், அது இருந்த இடத்தில் மேலே கூரை நீட்டிக்கொண்டு கீழே திண்ணை போல ஒரு இடம் கிடைக்கும். இந்தத் திண்ணையை மறந்துவிடாதீர்கள். சமணத் துறவியும் வல்லூறும் குடிவந்தது இதில்தான்.

ஏழு மலைக்கும் பேரு இருக்கா?

இருக்கிறது. ஆனால் ஊரில் இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு பட்டியல் வரும். கழிஞ்சமலை, நாட்டார்மலை, கழுகுமலை, தேன்கூட்டுமலை என்பவை அடிக்கடி காதில் விழுபவை. கோவில்பட்டிப் பக்கத்துக் கழுகுமலை வேறு. கழுகும் தேன்கூடும் பெயரிலேயே வந்துவிட்டதால், உயிரினக் கணக்கெடுப்பை ஊர்க்காரர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வேன். இங்கே வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறையில் உள்ள கல்வெட்டு மலையைத் 'திருப்பிணையன்மலை' என்கிறது. அந்தப் பெயர் இன்று புழக்கத்தில் இல்லை.

பாறைல தண்ணி நிக்காதே. அப்புறம் எப்படி இவ்வளவு கண்மாய், சுனைன்னு சொல்றாங்க?

நிற்காது என்பதால்தான். மொட்டைமாடியில் விழுகிற மழை முழுக்கக் குழாய் வழியே தொட்டிக்கு வருகிறது இல்லையா, அந்தக் கணக்கு. ஒரு ஹெக்டேர் பாறையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 10,000 லிட்டர். 100 ஹெக்டேர் பாறையில் ஒரே இரவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5 கோடி லிட்டர். இதில் மண் உறிஞ்சுவது, இலை தடுப்பது என்று கழிவு மிகக் குறைவு. சரசரவென்று இறங்கி அடிவாரத்துக்கு வந்துவிடும். அங்கே கரையைப் போட்டு மறித்தால் கண்மாய். ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். ஏடுகளுக்கு இடையில் நுழைந்த தண்ணீர் மெதுவாகக் கசிந்து கீழே சுனையாக வரும்.

அரிட்டாபட்டியைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக்கிய தமிழ்நாடு அரசின் அறிவிப்பு இந்தப் பகுதியில் 72 ஏரிகள், 200 இயற்கை ஊற்றுகள், 3 தடுப்பணைகள் என்று எண்ணிக்கை தருகிறது. அதில் குறிப்பிடப்படும் ஆனைகொண்டான் கண்மாயைப் பாண்டியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டியதாகவும் சொல்கிறது. அந்த வரியை மட்டும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன். 16ஆம் நூற்றாண்டில் மதுரையில் விஜயநகரமும் அதன் பிறகு நாயக்கரும் ஆண்டார்கள். பாண்டியர் தென்காசிப் பக்கம் ஒதுங்கிவிட்ட காலம் அது. ஒன்று ஆண்டு தவறு, இல்லை ஆள் தவறு. கண்மாய் பழையது என்பதில் சந்தேகமில்லை.

குகைல இருக்கிற எழுத்து எந்த பாஷை? ஒண்ணும் புரியலையே.

மொழி தமிழ், எழுத்து தமிழி. தமிழ்பிராமி என்றும் சொல்வார்கள். அரிட்டாபட்டியில் இரண்டு கல்வெட்டுகள். ஒன்று இப்படிப் படிக்கப்பட்டிருக்கிறது: "நெல்வெளிஇய் சிழிவன் அதினன் வெளியன் முழாகை கொடுபிதோன்". முழாகை என்றால் குகை. பாறை இடுக்கை 'முழை', 'முழைஞ்சு' என்று இன்றும் சொல்கிறோமே, அதே வேர். கொடுபிதோன் என்பது கொடுப்பித்தோன். நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் இந்தக் குகையைச் செய்து கொடுத்தான் என்பது பொருள். இரண்டாவது கல்வெட்டில் இலஞ்சி என்ற ஊர்ப்பெயர் வருகிறது. தெற்கே உள்ள இந்த ஊர்களிலிருந்து வந்து மதுரைப் பக்கத்து மலையில் துறவிகளுக்கு இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியவை என்பது பரவலான கருத்து.

எழுத்தைப் பார்க்கும்போது அதோடு ஓடுகிற காடியையும் பாருங்கள். கூரைப் பாறையின் நெற்றியில் விரல் ஆழத்துக்கு ஒரு நீளக் கோடு வெட்டியிருப்பார்கள். மழைநீர் பாறையை ஒட்டிக்கொண்டே உள்ளே வழியாமல் அந்தக் கோட்டில் அறுபட்டு வெளியே சொட்டுவதற்காக. நாம் இன்று சன்ஷேடுக்கு அடியில் விடுகிற அதே பள்ளம்தான். கொத்தனார் நண்பர் ஒருவர் கல்வெட்டைவிட அந்தக் காடியைத்தான் அரைமணி நேரம் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாங்குளம் கல்வெட்டுன்னு படிச்சிருக்கேன். இதுவும் அதுவும் ஒண்ணா?

வேறு வேறு. ஆனால் குழம்புவதில் நியாயம் இருக்கிறது, சில நூல்களே இரண்டு பெயரையும் சேர்த்து எழுதுகின்றன. மாங்குளம் கல்வெட்டுகள் பக்கத்தில் மீனாட்சிபுரத்து ஓவாமலையில் உள்ளவை. 1882-இல் ராபர்ட் சீவெல் அவற்றைக் கண்டறிந்தார். அவற்றில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது, கணி நந்தாசிரியன் என்ற துறவி வருகிறார், வெள்ளறையைச் சேர்ந்த வணிகர் குழு ஒன்றும் வருகிறது. சங்கப் பாட்டில் கேட்ட ஒரு பாண்டியன் பெயரைக் கல்லில் பார்க்கிற இடம் அது. ஆர்வம் இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

இதை எங்க ஊர்ல பஞ்சபாண்டவர் படுக்கைன்னு சொல்வாங்களே?

மதுரையைச் சுற்றிக் கற்படுக்கை உள்ள மலைகளுக்கெல்லாம் அந்தப் பெயர் உண்டு. பாண்டவர் வனவாசத்தில் படுத்தார்கள் என்று கதை. உண்மையில் படுத்தவர்கள் சமணத் துறவிகள். தமிழிக் கல்வெட்டுக் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு கழித்தும் அவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். பாறையில் செதுக்கிய மகாவீரர் உருவமும் அதன் கீழுள்ள வட்டெழுத்தும் 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பொற்கோட்டுக் கரணத்தார் பெயரால் அச்சணந்தி செய்வித்த திருமேனி என்றும், அதைக் காப்பது பாதிரிக்குடியார் பொறுப்பு என்றும் அது சொல்கிறது. அச்சணந்தி மதுரை வட்டாரத்தில் பல மலைகளில் பெயர் விட்டுச் சென்ற சமணத் துறவி.

சிவன் கோயில்ல தடியோட உக்காந்திருக்கிறது யாரு? முனீஸ்வரனா?

இலகுலீசர். சைவத்தில் பாசுபதப் பிரிவைத் தோற்றுவித்தவராகச் சொல்லப்படுபவர். சிவனின் அவதாரம் என்று அந்தப் பிரிவினர் நம்பினார்கள். 'லகுடம்' என்றால் தடி. அதுதான் பெயர்க் காரணமும் அடையாளமும். அவருடைய ஊர் குஜராத்தில் உள்ள காரவணம். அங்கே தொடங்கிய ஒரு பிரிவின் குரு மேலூர்ப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது சும்மா கடந்துபோகிற விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் இந்தச் சிற்பம் அரிது.

கோயில் முற்காலப் பாண்டியர் குடைவரை. சின்னதுதான். உள்ளே லிங்கம் தாய்ப்பாறையிலேயே வெட்டியது, கொண்டு வந்து வைத்ததில்லை. வெளியே ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் இலகுலீசர். ஊரில் இடைச்சி மண்டபம் என்பார்கள்.

250 வகைப் பறவைன்னாங்க. நாங்க போனப்ப காக்காவும் மைனாவும்தான் இருந்துச்சு.

எத்தனை மணிக்குப் போனீர்கள்? பதினோரு மணி என்றால் காக்காய் கிடைத்ததே பெரிது. 250 என்பது பல வருஷம் பல பேர் எல்லாக் காலத்திலும் பார்த்ததன் கூட்டுத்தொகை. அதில் கண்மாயில் இருக்கிற முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம் எல்லாம் அடக்கம். குளிர்காலத்தில் மட்டும் வந்து பாறை உச்சியில் தனியாக உட்காரும் நீலப் பூங்குருவியும் அடக்கம். ஒரே காலையில் நாற்பது, ஐம்பது வகை பார்த்தாலே நல்ல நாள்.

இந்த மலைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை மூன்று: லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, இராசாளிப் பருந்து. மூன்றும் செங்குத்துப் பாறையை விரும்புபவை. இராசாளி சுள்ளி அடுக்கிப் பெரிய கூடு கட்டும். வல்லூறுகளோ கூடு கட்டும் வழக்கமே இல்லாதவை. பாறைத் திண்ணையில் நேராக முட்டை வைக்கும், அல்லது வேறு பறவை விட்டுப்போன கூட்டில் குடியேறும். ஏடு கழன்று உண்டான திண்ணை என்று சொன்னேனே, அது இல்லையென்றால் இவை இல்லை. லகர் வல்லூறு எண்ணிக்கையில் குறைந்துவருவதால், உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். பட்டியலில் அச்சுறுத்தலை நெருங்கும் இனமாக வைக்கப்பட்டிருக்கிறது.

தேடுகிற வழி இது. விடிந்ததும் பாறை முகத்துக்கு எதிரே, தள்ளி, ஒரு மர நிழலில் உட்காருங்கள். முதலில் பறவையைத் தேட வேண்டாம், எச்சத்தைத் தேடுங்கள். கறுத்த பாறையில் சுண்ணாம்பு வழிந்தது போல வெள்ளைக் கோடு இறங்கினால், அதன் மேல் முனையில் யாரோ தினமும் உட்காருகிறார்கள் என்று அர்த்தம். அந்த முனையையே பார்த்துக்கொண்டிருங்கள். முக்கால் மணி நேரம் ஆகலாம். பேசாமல் இருக்கிறவர்களோடு வருவது நல்லது.

மேல பறக்கிறது கழுகா, பருந்தா, வல்லூறா? எனக்கு எல்லாம் ஒண்ணாதான் தெரியுது.

வாலையும் இறக்கை நுனியையும் பாருங்கள். வால் நடுவில் பிளவுபட்டு மீன்வால் போல இருந்து, சோம்பலாக வட்டமடித்தால் கள்ளப்பருந்து. குப்பைமேட்டில் பார்ப்பதும் அதுதான். இறக்கை கத்தி போலக் கூராக, படபடவென்று அடித்துக்கொண்டு நேர்கோட்டில் போனால் வல்லூறு. இறக்கை அகலமாக, நுனியில் விரல் விரித்தது போல இருந்து, அடிவயிறு வெளுப்பாகத் தெரிந்தால் இராசாளியாக இருக்கலாம். அநேகமாக ஜோடியாகத் திரியும்.

இன்னொரு வழி, புறாக்களைப் பார்ப்பது. பாறையில் உட்கார்ந்திருக்கிற மாடப்புறாக் கூட்டம் கள்ளப்பருந்துக்கு அசையாது. ஷாகின் வந்தால் மொத்தமாக வெடித்துக் கிளம்பும். ஷாகின் என்பது உலகம் முழுக்க உள்ள பெரிக்ரின் வல்லூறின் நம்மூர்க் கிளை. பாய்ச்சலில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுகிற குடும்பம். புறாவின் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது.

செக்கச்செவேல்னு ஒரு ஓணான் பார்த்தோம், விஷமா அது?

இல்லை. பாறை ஓணான், இனப்பெருக்கக் காலத்து ஆண். முதுகு செம்மஞ்சள் கலந்த சிவப்பு, விலா கறுப்பு. பக்கத்திலேயே கல் நிறத்தில் ஒன்று ஒட்டிக்கிடந்திருக்கும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அது பெண். ஆண் முன்கால்களை ஊன்றித் தண்டால் எடுப்பது மற்ற ஆண்களுக்கு விடுகிற சவால். நீங்கள் கிட்டே போகப் போக அந்தச் சிவப்பு மங்குவதையும் பார்க்கலாம். வேட்டைப் பறவைகளின் சாப்பாட்டில் இந்த ஓணானும் உண்டு. அதைப் பையன்கள் கல்லால் அடிப்பதைப் பார்த்தால் கொஞ்சம் தடுத்துச் சொல்லுங்கள்.

தேவாங்கு, அலுங்கு எல்லாம் பாக்க முடியுமா?

இருக்கின்றன. மலைப்பாம்பும் உண்டு. பார்க்க முடியுமா என்றால், முடியாது என்றே வைத்துக்கொண்டு வாருங்கள். தேவாங்கும், எறும்புத்தின்னி எனப்படும் அலுங்கும் ராத்திரியில் நடமாடுபவை. இரண்டும் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. டார்ச் அடித்துத் தேவாங்கின் பெரிய கண்ணைப் படம் எடுக்கிற ஆசைக்கு நான் துணைக்கு வரமாட்டேன். தேவாங்குக்கென்றே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அதற்கான முதல் சரணாலயம் அது.

தேன்கூட்டுமலைன்னு சொன்னீங்களே, தேனீ கொட்டுமா?

கொட்டும். பாறை விளிம்பில் தொங்குவது மலைத்தேனீயின் அடை. கூட்டமாகத் துரத்தும். அடைக்குக் கீழே புகை, சென்ட், கத்தல், கல்லெறிதல் எதுவும் கூடாது.

பல்லுயிர் பாரம்பரியத் தலம்னா சரணாலயம் மாதிரியா? வேலி போட்டு ஆடு மாட்டை விடமாட்டாங்களா?

இல்லை. சரணாலயம் வனஉயிரினச் சட்டத்தின் கீழ் வருவது. இது 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆம் பிரிவின் கீழ் மாநில அரசு அறிவிப்பது. உள்ளூர் மக்கள் வழக்கமாகச் செய்துவருவதை, அவர்களே முன்வந்து முடிவு செய்தாலொழிய, தடுப்பதில்லை என்பது வழிகாட்டுதல். ஆடு மேய்க்கலாம், சாமி கும்பிடலாம், கண்மாயில் மீன் பிடிக்கலாம்.

அரிட்டாபட்டி 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. பரப்பு 193.42 ஹெக்டேர், ஏறத்தாழ 478 ஏக்கர். இதில் 53.8 ஹெக்டேர் மாங்குளம் கேள்வியில் சொன்ன மீனாட்சிபுரத்தில் இருக்கிறது, மீதி அரிட்டாபட்டியில். தமிழ்நாட்டில் இதுதான் முதல். இரண்டாவது, 2025-இல் அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில்காடு. அது 5 ஹெக்டேர்கூட இல்லை. நாட்டின் முதல் தலம் கர்நாடகத்தின் நல்லூர் புளியந்தோப்பு, 2007.

அந்த அறிவிப்பு இருந்தும் டங்ஸ்டன் ஏலம் எப்படிப் போச்சு?

2023-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களுக்கான சுரங்க ஏலத்தை ஒன்றிய அரசே நடத்தலாம் என்று ஆனது. துளைகருவி முனை முதல் ஆயுதம் வரை டங்ஸ்டன் தேவைப்படுகிறது, நாடு பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருக்கிறது. 'நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி' என்று மேலூர்ப் பக்கம் 2015.51 ஹெக்டேர் ஏலத்துக்கு வந்தது. 2024 நவம்பர் 7 அன்று ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தால் பல்லுயிர்த் தலமும் அதற்குள். தொகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

மேலூர் வட்டாரம் கொதித்தது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. பல்லுயிர்த் தலத்தை மட்டும் கழித்துவிட்டு எல்லையை மறுபடி ஆய்வு செய்வதாக டெல்லியிலிருந்து ஒரு யோசனை வந்தது. வயலும் கண்மாயும் வைத்திருப்பவர்களுக்கு அது சமாதானமாக இல்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று ஒன்றிய சுரங்கத் துறை அறிவித்தது.

பறவைக்காக மட்டும் யாரும் மதுரை வரை நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கண்மாய்க்கும் கோயிலுக்கும் நிலத்துக்கும் நடந்தார்கள். வல்லூறு அந்த வரிசையில் சேர்ந்துகொண்டது.

அதுதான் ரத்தாயிடுச்சே. இன்னும் என்ன கவலை?

இந்த வட்டாரத்துக்குச் சுரங்கம் புதிதில்லை. மேலூர்ப் பக்கக் கல் குவாரிகள் வெட்டியதில் குன்றுகளே காணாமல் போனதை இந்தத் தலைமுறை கண்ணால் பார்த்தது. 2012-இல் அப்போதைய மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் கிரானைட் முறைகேடுகள் குறித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது. இன்றும் மேலூர்ச் சாலையோரம் பல இடங்களில் மலை இருந்த இடத்தில் செங்குத்துச் சுவரோடு தண்ணீர் தேங்கிய குழிதான் இருக்கிறது. ஓரத்தில் எண் எழுதிய கல்கட்டைகள் அடுக்கிக் கிடக்கும். அரிட்டாபட்டி தப்பியதற்கு முதல் காரணம், குவாரி தன் பக்கம் வராமல் ஊர் அப்போதே மல்லுக்கு நின்றது. பல்லுயிர்த் தல அறிவிப்பெல்லாம் அதற்குப் பின்னால் வந்ததுதான்.

கொஞ்சூண்டு கல்லு எடுத்தா என்ன ஆயிடப் போகுது? மலை பெருசாத்தானே இருக்கு? ஊர்ப் பசங்களுக்கு வேலையும் கிடைக்கும்.

வேலை என்பது நிஜமான கேள்வி. அதைக் கேட்பவர்களை நான் கிண்டல் செய்வதில்லை. குவாரிக் கூலியில் பிள்ளையைப் படிக்கவைத்த வீடுகள் மேலூர்ப் பக்கம் உண்டு. ஆனால் "கொஞ்சூண்டு" என்கிற கணக்கு பாறைக்குப் பொருந்தாது. கண்மாய்க் கேள்வியில் சொன்ன மொட்டைமாடியை நினைத்துப் பாருங்கள். அதன் ஒரு பக்கத்தை வெட்டிக் குழியாக்கினால், அங்கே விழுகிற மழை குழிக்குப் போகும், கண்மாய்க்கு வராது. வெடி வைத்தால் வல்லூறு முட்டையை விட்டுவிட்டுப் போய்விடும். குவாரிக்கு ஆகாத இடத்தில் மட்டும் கல்வெட்டு இருக்க வேண்டும் என்று அதினன் வெளியன் யோசித்து வைக்கவும் இல்லை. வெட்டிய பாறை திரும்ப வளராது, அப்பத்தா எப்படிச் சொன்னாலும்.

எப்ப வந்தா நல்லது? ட்ரோன் கொண்டு வரலாமா?

கார்த்திகை முதல் மாசி வரை. சுனையில் தண்ணீர் இருக்கும், வலசைப் பறவை இருக்கும், பாறை கால் சுடாது. காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் இருந்தால் பத்துக்குத் திரும்பிவிடலாம். சித்திரையில் வந்து மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிய அனுபவம் உண்டு. மழை பெய்த மறுநாள் அந்தக் கறுப்புக் கோடுகளில் கால் வைக்காதீர்கள், சோப்பு போட்டது மாதிரி வழுக்கும். தண்ணீர் நீங்களே கொண்டுவர வேண்டும், பாட்டிலையும் நீங்களே திரும்பக் கொண்டுபோக வேண்டும்.

ட்ரோன் வேண்டாம். மார்கழி முதல் பங்குனி வரை வேட்டைப் பறவைகள் முட்டையும் குஞ்சுமாக இருக்கும். அவற்றுக்கு ட்ரோன் என்பது எல்லைக்குள் புகுந்த இன்னொரு பறவை. குஞ்சை விட்டுவிட்டுச் சண்டைக்குக் கிளம்பும்.

கல்வெட்டுல சாக்பீஸ் தேய்ச்சா படிக்கத் தெளிவா இருக்கும்ல?

செய்யாதீர்கள். நீங்கள் எழுத்து என்று நினைத்துத் தேய்ப்பது கல்லின் கீறலாக இருக்கலாம். அடுத்து வருகிறவர் அதையும் சேர்த்துப் படிப்பார். சிலர் பெயின்ட்டே அடித்துவிட்டுப் போகிறார்கள். பக்கத்தில் தங்கள் பெயரையும் காதலி பெயரையும் சேர்த்து.

ஒரு டார்ச் போதும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பாறையோடு பாறையாக ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் அடியுங்கள். வெட்டின ஆழத்தில் நிழல் விழுந்து, அதுவரை வெறும் சொரசொரப்பாக இருந்த இடத்தில் ஒவ்வொரு எழுத்தாக எழும்பும்.